ஒன்று குறைத்துப் படிக்கவும்

என் மகள் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். என்ன வேலை என்று யாராவது கேட்டால், 'லைப்ரரி எழுதுகிறாள்' என்று சொல்லிவந்தேன். நூலகத்தை எப்படி எழுத முடியும் என்று அவர்களும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. போன முறை விடுமுறைக்கு வந்தபோது அவளையே பிடித்துக் கேட்டுவிட்டேன்.

ஒரு புரோகிராம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தனியாக ஒரு கோப்பில் எழுதி வைப்பார்களாம். இடது பக்கம் பெயர், வலது பக்கம் அதன் மதிப்பு. மொழி: தமிழ். எழுத்தின் அளவு: பன்னிரண்டு. இப்படி வரிவரியாகப் போகும். எழுதுகிற மனிதர்கள் சும்மா இருப்பார்களா? ஒருவர் நடுவில் இடம் விடுவார், ஒருவர் ஒரு வரியையே விட்டுவிடுவார், இன்னொருவர் தன் ஞாபகத்துக்கு ஓரமாக எதையாவது கிறுக்கி வைப்பார். அதையெல்லாம் படித்துப் பொருள் பிரித்துப் புரோகிராமிடம் கொடுப்பது பாதி வேலை. புரோகிராமிடம் இருப்பதைத் திரும்ப அதே மாதிரிக் கோப்பாக எழுதிக் கொடுப்பது மறுபாதி. இந்த இரண்டையும் செய்து தருகிற சரக்குக்குத்தான் லைப்ரரி என்று பெயர். யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் புரோகிராமில் சேர்த்துக்கொள்ளலாமாம்.

"சரியாப் படிக்குதான்னு எப்படிம்மா கண்டுபிடிப்பே?" என்றேன்.

"படிக்க வெப்போம். படிச்சதைத் திரும்ப எழுத வெப்போம். உள்ள போனதும் வெளிய வந்ததும் ஒண்ணா இருந்தா பாஸ்ப்பா."

"ஒண்ணா இருந்தா மட்டும் போதுமா?"

அப்பாவுக்கு எங்கிருந்து இந்த விவரமெல்லாம் வந்தது என்பதுபோல் பார்த்தாள். எழுபதுகளின் தொடக்கத்தில் சில வருஷம் நானே அப்படி ஒரு லைப்ரரியாகத்தான் இருந்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை. அதைச் சொன்னால் மீதியையும் சொல்ல வேண்டியிருக்கும். மீதியை நினைத்தால் இந்த வயதிலும் காது சுடுகிறது.

சாத்தம் தீவிலிருந்து படகேறி அக்கரைக்குப் போனால், கரையோரமாக ஒரு கான்ட்ராக்டரின் மர ஆலை இருந்தது. சாத்தத்து அரசாங்க ஆலைக்கு முன்னால் அது பெட்டிக்கடை மாதிரி. ஒரு வட்ட ரம்பம், ஒரு தகரக் கொட்டகை, மரத்தூள் மலை, அதற்கு இந்தப் பக்கம் எனக்கொரு மேஜை. நான் கிளார்க். முதலாளி லோக்கல் பார்ன். வெள்ளைக்காரன் கைதிகளைக் கப்பலில் கொண்டுவந்த காலத்திலேயே தீவில் வேர்விட்ட குடும்பம். அவர் பேச்சு, சிரிப்பு, திட்டு எல்லாம் இந்தியில்தான். ரம்பத்தில் நின்ற பெரிய மிஸ்திரி கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர். அவருக்குக் கைகொடுத்தவர்கள் தெலுங்கர்களும் மலையாளிகளும். மரம் வாங்க வருகிறவர்கள் எந்தப் பாஷையில் வாயைத் திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது.

நான் வருவதற்கு முன் ஆர்டர் என்பது கூச்சல்தான். ரம்பம் ஓடும்போது ஒருவர் வங்காளியில் கத்துவார், அதை இன்னொருவர் தெலுங்கில் வாங்கிக்கொள்வார், கடைசியில் ஜன்னல் கேட்டவனுக்குக் கதவு கிடைக்கும். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த தலைக்கனத்தோடு வந்த நான் இதற்கொரு வழி செய்தேன். சீட்டு. ஒரு வரிக்கு ஒரு விஷயம். இடது பக்கம் பெயர், நடுவில் இரண்டு புள்ளி, வலது பக்கம் அளவு. மரம்: படாக். கனம்: 1½. அகலம்: 8. ஒரு வரி இல்லையென்றால் வழக்கமான அளவு என்று பொருள். கனம் எழுதவில்லையா, ஒரு இஞ்ச்சுக்கு அறு. நட்சத்திரம் போட்ட வரி ரம்பத்துக்கு அல்ல, எனக்கு. 'முதலாளியின் சம்பந்தி, முடிச்சு இல்லாத மரமாகப் பார்க்கவும்' என்பதெல்லாம் அங்கே போகும். கொட்டகையில் யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. இடது பக்கத்துச் சொற்களை அவர்கள் எழுத்தாக அல்ல, படமாகத் தெரிந்துவைத்திருந்தார்கள். எண் எல்லோருக்கும் பொது.

அறுத்து முடித்ததும் சீட்டு என்னிடம் திரும்பி வரும். அதைப் பார்த்து, வாங்க வந்தவருக்கு அவருடைய பாஷையில் நான் உரக்கப் படித்துக்காட்டுவேன். அவர் சரி என்று தலையாட்டினால் மரம் வெளியே போகும். எல்லாப் பாஷையும் என்னிடம் வந்து சீட்டாகும், சீட்டு என்னிடம் வந்து எல்லாப் பாஷையும் ஆகும். முதலாளி என் தோளைத் தட்டி, "மதராசி பாபு கா திமாக்!" என்பார். மதராசி பாபுவின் மூளை. அதைக் கேட்டு நான் எவ்வளவு பூரித்தேன் என்பதை எழுதக்கூடக் கூச்சமாக இருக்கிறது.

என் இந்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊரில் ரயில்வே ஸ்டேஷனில் இந்திப் பலகைக்குத் தார் பூசிய கூட்டத்தில் நானும் நின்றவன். ராமநாதபுரம் ஜில்லாவில் தார் பூசிவிட்டு, கப்பலேறி வந்து, சந்தையிலும் படகிலும் நின்று அதே பாஷையைப் பொறுக்கிப் பொறுக்கிக் கற்றுக்கொண்டேன். யாரிடமும் சந்தேகம் கேட்டதில்லை. கேட்டால் தெரியாது என்று தெரிந்துவிடுமே. ஒன்றரைக்கு 'டேட்', இரண்டரைக்கு 'டாயி' என்பதை மனப்பாடம் செய்தேன், ஏனென்றால் அவை எதிலும் ஒட்டாத சொற்கள். மற்றதைக் கணக்குப் போட்டுப் புரிந்துகொண்டேன். 'சவா' என்றால் கால், 'தோ' என்றால் இரண்டு. 'சவா தோ' இரண்டேகால். சரிதான். அப்படியே 'பௌன்' என்றால் முக்கால். ஆகவே 'பௌனே தோ' இரண்டே முக்கால். இதில் என்ன சந்தேகம் வேண்டிக்கிடக்கிறது?

முக்கால் என்பது வீட்டுப் பலகைக்கு வராது. டோங்கி என்று தீவில் சொல்லும் சின்னப் படகுகளுக்குத்தான் அந்தக் கனம் கேட்பார்கள். கேட்பவர்கள் எல்லாம் முதலாளியின் சொந்தக்காரர்கள், அவர் பாஷைக்காரர்கள். முதலாளி என்னிடம் "பௌனே தோ" என்பார். நான் 2¾ என்று எழுதுவேன். பலகை வரும். நான் சீட்டைப் பார்த்து "பௌனே தோ" என்று படிப்பேன். வந்தவர் பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார். ஒரு நாளும் ஒரு புகார் இல்லை. அறுத்த பலகையை நான் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. கிளார்க்குக்குச் சட்டையில் மரத்தூள் படலாமா?

அந்தச் சமயத்தில்தான் என் மனைவியின் தம்பி வந்து சேர்ந்தான். மதுரையில் ஒரு மரக்கடையில் ரம்பத்தில் நின்றவன். கல்யாணமாகிச் சில மாதம்தான் ஆகியிருந்தது. அவன் மனைவி வயிற்றில் பிள்ளை. ஊரில் அண்ணன் தம்பிகளோடு ஒரே வீட்டில் நெரிந்துகொண்டு இருந்தார்கள். இங்கே வேலை நிலைத்ததும் அவளை அழைத்துக்கொள்வது என்று ஏற்பாடு. 'இங்கே என் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது, வா' என்று வரச் சொன்னவன் நான்தான். கப்பலிலிருந்து இறங்கிய அன்றே அவனை ஆலைக்குக் கூட்டிப்போய்ச் சீட்டைக் காட்டினேன்.

"என்ன மச்சான், இம்புட்டு ஆளுகளும் நீங்க எழுதுறதைப் பாத்துத்தான் அறுக்காகளா? பெரிய ஆபீசராத்தான் இருக்கீக!" என்றான். கேலி கலந்திருந்தாலும் அதில் பெருமையும் இருந்தது. நான் பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாள் அவன் பெரிய மிஸ்திரிக்குக் கைகொடுத்தான். பிறகு மிஸ்திரியின் விரலில் அடிபட்டு, கட்டுப் போட்டுக்கொண்டு அவர் ஒரு கட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். ரம்பத்தில் என் மைத்துனன் நின்றான். நானும் சந்தோஷப்பட்டேன். அன்று போன சீட்டு ஒரு டோங்கிக்கு. மரம்: படாக். கனம்: 2¾.

மதியத்துக்கு முன் கொட்டகையில் சத்தம் கேட்டது. ரம்பம் நின்றுவிட்டது, முதலாளியின் குரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான் போனபோது அவர் ஒரு பலகையின் முனையைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். நல்ல சிவப்புப் படாக். "பௌனே தோ போலா தா! யே க்யா ஹை?" பௌனே தோ சொன்னேனே, இது என்ன என்று. மறுபடி ரம்பத்தில் போட்டு மெலிதாக்கலாம்தான். ஆனால் எண்ணிக்கை போய்விட்டது. ஒரு படகுக்கு என்று கிடைத்த மரம் முக்கால் படகுக்குக்கூட வராது. அடுத்த கப்பலில் இவனை மெயின்லேண்டுக்கே அனுப்பிவிடு என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

என் மைத்துனன் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். முகம் செத்துப்போயிருந்தது. சுற்றி நின்ற ஆட்கள் சீட்டை வாங்கிப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது: பாபு சரியாகத்தான் எழுதியிருக்கிறார், இந்தப் புது ஆளுக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. எத்தனையோ டோங்கிக்கு இதே சீட்டு வந்திருக்கிறது, நாங்கள் தப்பாக அறுத்திருக்கிறோமா? எனக்காக அப்படி வரிந்துகட்டிக்கொண்டு நின்றார்கள்.

"மச்சான், நீங்களே சொல்லுங்க. இதுல என்ன எழுதியிருக்கீக?"

"ரெண்டே முக்கால்."

"நான் ரெண்டே முக்கால்தான அறுத்திருக்கேன்?"

பலகையை அன்றுதான் முதல்முதலாகத் தொட்டுப் பார்த்தேன். இரண்டே முக்கால்தான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. முதலாளியிடம் திரும்பி, நீங்கள் கேட்டதுதானே இது, பௌனே தோ, இரண்டும் முக்காலும் என்றேன். விளக்கமாகவே சொன்னேன். இந்தியில், விரலை மடக்கி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் அவருக்கே சொன்னேன்.

முதலாளி கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தார். பிறகு அவரும் விரலை மடக்கினார். பௌனே தோ என்றால் இரண்டுக்குக் கால் குறைவு. ஒன்றே முக்கால். அவர் தாத்தா காலத்திலிருந்து ஒன்றே முக்கால்தான். அதுவரை எகிறிக் குதித்த மனிதர், விஷயம் விளங்கியதும் மரத்தூள்மேல் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அப்படியானால் இத்தனை நாளும் பலகை எப்படிச் சரியாக வந்தது? கட்டைமேல் உட்கார்ந்திருந்த பெரிய மிஸ்திரிதான் சொன்னார். முதலாளி கொட்டகைப் பக்கம் வரும்போது பௌனே தோ என்று அவர் காதிலும் போட்டுவிட்டுத்தான் போவார். வங்காளியிலும் அந்தச் சொல்லுக்கு அதே கணக்குதான். சீட்டில் 2¾ என்று வந்தது. முதல் முறை குழம்பினாராம். பிறகு தெளிந்துவிட்டாராம். "ஹம் சோச்சா, மதராசி மேம் ஐசா ஹி லிக்தா ஹை, பாபு." தமிழில் இப்படித்தான் எழுதுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்தோம். இரண்டாவது இஞ்ச்சில் முக்கால் என்பதை நீங்கள் அப்படி எழுதுகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டோம். சீட்டில் முக்கால் வந்தால் ஒன்று குறைத்துக்கொள் என்று எல்லோருக்கும் சொல்லிவைத்துவிட்டேன். தமிழ்க்காரனுக்கே தமிழ் சொல்லித்தர வேண்டுமா என்று உங்கள் மைத்துனனுக்கு மட்டும் சொல்லவில்லை.

அவர் குரலில் கேலியே இல்லை. அதுதான் தாங்கவில்லை. ஒரு கொட்டகை முழுக்க என் தவறைத் தமிழ் என்று நம்பி, மரியாதையோடு கற்றுக்கொண்டிருந்தது. நான் தப்பாகப் படித்தேன், தப்பாக எழுதினேன், திரும்ப அதே தப்போடு படித்துக்காட்டினேன், எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. அதை ஒழுங்காகப் படித்த ஒரே ஆள் என் மைத்துனன். அவனைத்தான் கப்பலேற்றச் சொன்னார்கள். அவன் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல், தரையில் கிடந்த சிராய் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாளையிலிருந்து சரியாக எழுதுகிறேன் என்றேன். யாருக்கும் அது பிடிக்கவில்லை. கை பழகிவிட்டது பாபு, நீங்கள் ஒன்றே முக்கால் என்று எழுதினால் எங்கள் கை முக்கால் இஞ்ச்சுக்குப் போய்விடும், கனமாக அறுத்ததை மெலிதாக்கலாம், மெலிதாக அறுத்ததை என்ன செய்வது என்றார் மிஸ்திரி. அதில் நியாயம் இருந்தது. முதலாளி எழுந்து மரத்தூளைத் தட்டிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "ஜைசா சல் ரஹா ஹை, சல்னே தோ." நடக்கிறபடி நடக்கட்டும். சீட்டைத் தொடாதே. உன் சாலா இந்தக் கொட்டகை படிக்கிற மாதிரி படிப்பதானால் இருக்கட்டும், இல்லாவிட்டால் ரம்பத்தில் இரண்டு படிப்பு வேண்டாம். சாலா என்றால் மைத்துனன், வசவும் அதுவேதான். இரண்டில் எதைச் சொன்னார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆக, சரியாகப் படித்தவனைத் தப்பாகப் படிக்கச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. சாயங்காலம் சோற்றுக்கு உட்கார்ந்தபோது சொன்னேன். மீன்குழம்பை ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவியின் கை நின்றது.

"சீட்டுல ரெண்டே முக்கால்னு இருந்தா ஒண்ணே முக்கால்னு படிக்கணும். அம்புட்டுத்தான மச்சான்?" என்றான் அவன்.

"அம்புட்டுத்தான் மாப்ளே."

"ஏங்க, நீங்க சரியா எழுதிட்டுப் போனா என்னவாம்?" என்றாள் என் மனைவி.

முதலாளி தொடாதே என்றுவிட்டார் என்றேன். அது உண்மைதான். ஆனால் கொட்டகையில் அவர் அப்படிச் சொன்னபோது என் நெஞ்சில் ஒரு ஆசுவாசம் வந்ததே, அதை அவளிடம் சொல்லவில்லை. எழுத்தை மாற்றினால் ஒவ்வொரு சீட்டும் நான் தப்பு செய்தவன் என்று கூவும். மாற்றாவிட்டால் அது வெறும் பழக்கம். தப்பு ஒரே சீராக இருந்தால் அதற்கு முறை என்று பேர் வைத்துவிடலாம். அப்படி ஒளிந்துகொள்ள இடம் கிடைத்ததில் எனக்கு நிம்மதி, அந்த நிம்மதியை நினைத்தால் வெட்கம். மைத்துனன் இன்னொரு கவளம் சோறு வாங்கிச் சாப்பிட்டு எழுந்து போனான்.

ஆனாலும் அவன் படித்துப் பழகினான். முதலில் சில நாள் சீட்டை வாங்கியதும் உதடு அசையும். பிறகு அதுவும் நின்றது. வேலை நிலைத்தது. அவன் மனைவி கைக்குழந்தையோடு கப்பலில் வந்து இறங்கினாள், எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கீற்றுக்கொட்டகை போட்டுக்கொண்டார்கள். என் மனைவி அந்தக் குழந்தையைக் கீழே விடவில்லை. நான் பழையபடி 2¾ என்று எழுதினேன். ஒவ்வொரு முறையும் அந்த இரண்டைப் போடும்போது பேனா கொஞ்சம் நின்றுதான் போகும். மேஜையைத் தாண்டி யாருக்கும் அது தெரியாது.

அப்புறம் ஒரு நாள் கொட்டகைக்குப் புது ஆள் ஒருவர் வந்தார். மலையாளி, என்னைவிட வயதில் மூத்தவர், வேறு ஆலைகளில் வேலை பார்த்தவர். ஒரு டோங்கிச் சீட்டை எடுத்துக்கொண்டு நானே போனேன். அடுக்கிய பலகைகளுக்கு அந்தப் பக்கம் அவரும் என் மைத்துனனும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். புது ஆள் பழைய சீட்டு ஒன்றைக் காட்டி, இதில் இரண்டே முக்கால் என்று இருக்கிறது, பலகை ஒன்றே முக்கால் இருக்கிறதே, எழுதியவருக்குக் கணக்கு தெரியாதா என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

மைத்துனன் சிரிக்கவில்லை. கப்பலிலிருந்து இறங்கியபின் கற்ற அரைகுறை இந்தியில் நிதானமாகச் சொன்னான்: "நஹீ பாய். ஹமாரா தமிழ் மேம் ஐசா ஹி லிக்தா ஹை." எங்கள் தமிழில் இப்படித்தான் எழுதுவோம். முக்கால் வந்தால் ஒன்று குறைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்திலேயே இப்படித்தான் சொல்லிக்கொடுப்பார்கள்.

புது ஆள் மரியாதையாகத் தலையாட்டினார்.

நான் அந்தப் பலகைகளுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பிப் போயிருக்கலாம். ரம்பம் சும்மா நின்றுகொண்டிருந்தது, சீட்டு என் கையில் இருந்தது. போய் நீட்டினேன். மைத்துனன் என்னைப் பார்க்காமல் அதை வாங்கினான். "ஒண்ணே முக்கால். சரி மச்சான்" என்று தமிழில் சொல்லிவிட்டு ரம்பத்தை ஓட்டினான்.